ஓட்டை டக்கோட்டாவுக்கு ஓர் இறக்கை

நம் பேச்சில் டக்கோட்டா என்றால் ஓட்டை வண்டி. கதவைக் கயிற்றால் கட்டியிருக்கும், மேடு வந்தால் பின்னால் இருப்பவர்கள் இறங்கித் தள்ளவேண்டும். அதைத்தான் 'டப்பா டக்கோட்டா' என்போம். அது ஒரு விமானத்தின் பெயர் என்பது சொல்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் கொஞ்சம் ரோஷம் வரும். பத்தொன்பது வயதில் தொடங்கி நான்கு வருடம், சரக்கு ஏற்றும் இரண்டு டக்கோட்டாக்களின் எஞ்சினுக்கு அடியில் எடுபிடியாக நின்றவன் நான். ஓட்டை என்பது பொய்யில்லை. மழை பெய்தால் விமானியின் முழங்காலில் சொட்டும். ஒரு துண்டை மடியில் போட்டுக்கொண்டு ஓட்டுவார்கள். ஆனால் நான் இருந்தவரை, கிளம்பிப் போன வண்டி திரும்பி வராமல் இருந்ததில்லை.

போன வருடம் நண்பர் ஒருவர் பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது என்று ஒரு செருப்புப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய அண்ணன் பள்ளிக்கூட நாளில் ஒட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்ட ப்ளாஸ்டிக் மாடல். 1/72 அளவில் ஒரு டக்கோட்டா. பெட்டியைத் திறந்ததும் ஒரு கணக்கெடுப்பு நடத்தினேன். உடலின் இரண்டு பாதிகள், விரல் ரேகை பதிந்த பசையோடு ஒட்டப்பட்டவை. பச்சை வர்ணம், தூரிகையால் குறைந்தது மூன்று பூச்சு. நடு இறக்கை, இடது வெளி இறக்கை, இரண்டு எஞ்சின் கூடுகள். ப்ரொப்பெல்லர் ஒன்றுதான். சக்கரம் இரண்டும் உண்டு, வால் சக்கரம் இல்லை. ஜன்னல் கண்ணாடிகள் கண்புரை விழுந்தமாதிரி மங்கிப்போயிருந்தன. நீரில் நனைத்து ஒட்டும் எண், எழுத்துகள் அச்சிட்ட டீகால் தாள் வெற்றிலைக் காவி நிறத்துக்கு வந்திருந்தது. பயணியாக ஒரு காய்ந்த கரப்பான். வலது வெளி இறக்கையை மட்டும் காணோம்.

நான் மாடல் கட்ட ஆரம்பித்துப் பத்து வருடம் ஆகிறது. போர் விமானங்கள், ஒரு கப்பல், ஒரு நீராவி எஞ்சின் என்று என்னென்னவோ செய்தாயிற்று. டக்கோட்டாவை மட்டும் தொடாமலே இருந்தேன். மற்றவர்கள் செய்து வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று உறுத்தும். ஒன்று, கல்யாண மாப்பிள்ளை மாதிரிப் பளபளவென்று நிற்கும். இல்லாவிட்டால், முகத்துக்குப் பவுடர் போடுவதுபோல உடம்பு முழுக்க ஒரே சீராக அழுக்கு பூசியிருப்பார்கள். வேலை செய்கிற விமானத்தில் அழுக்கு அப்படி வராது. எந்த இடத்தில் எது கசிகிறதோ, எவன் கால் வைக்கிறானோ, எங்கே பெட்டி உரசுகிறதோ, அங்கேதான் வரும். ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கும். காரணத்தோடு கறை வைத்த ஒரு டக்கோட்டாவைச் செய்து பார்ப்போமே என்றுதான் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

எந்த விமானத்தைச் செய்வது என்று நண்பருக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம். அவர் சரித்திர ஆசாமி. "1948 மே மாதம் 11,000 அடிக்கு மேலே இருக்கிற லடாக்கின் லே ஊரில் நம் விமானப்படை அதிகாரி மேஹர் சிங் கொண்டுபோய் இறக்கினாரே, அதைச் செய்யுங்கள்" என்றார். பெர்லின் என்றார், பர்மா என்றார். எனக்குப் புகழ்பெற்ற விமானம் எதுவும் வேண்டாம். டக்கோட்டாவின் மூலமான டிசி-3 பயணிகள் விமானம் முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17. அதன் சரக்கு வடிவமான சி-47-ஐ, பிரிட்டிஷ் விமானப்படை டக்கோட்டா என்று பெயர் வைத்த வகையை, போர் முடிவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேல் செய்து குவித்துவிட்டார்கள். போருக்குப் பிறகு அவை உலகமெங்கும் கைமாறி, அரிசி மூட்டையும் ஆட்டுக்குட்டியும் இயந்திர உதிரிகளும் சுமந்தன. அந்தப் பெயரில்லாத கூட்டத்தில் ஒன்று. வர்ணம் பூசாத அலுமினிய உடம்பு, வாலில் ஒரு எண், அவ்வளவுதான்.

உரிப்பும் பிளப்பும்

பழைய பச்சையை உரிக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். சாப்பாட்டு டப்பா ஒன்றில் ஊற்றி, பாகங்களை மூழ்கவிட்டு மூடிவைத்தேன். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் வர்ணம் சுருங்கி எழும்பியது. மூன்றாம் நாள் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததும் தோல் மாதிரி உரிந்து வந்தது. மூலை முடுக்கில் ஒட்டியதைப் பல்குத்தும் குச்சியால் நோண்டினேன். கண்ணாடிப் பாகங்களையும் அதே டப்பாவில் போட்டது என் அவசரபுத்தி. இருந்த மங்கல் இரண்டு மடங்காகிவிட்டது. முன்கண்ணாடியை மட்டும் நீரில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து, கடைசியில் பற்பசையால் மெருகேற்றி மீட்டேன். பக்க ஜன்னல்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஓட்டைகளில் வெள்ளைப் பசையைக் குச்சியால் இழுத்து விட்டேன். சோப்புக் குமிழிபோலப் படர்ந்து, காய்ந்ததும் கண்ணாடி ஆகிவிடும். சி-47 ஜன்னல்களின் நடுவே வட்டமாக ஒரு சின்ன அடைப்பு இருக்கும். உள்ளே இருக்கும் சிப்பாய் துப்பாக்கியை வெளியே நீட்டுவதற்காகப் போர்க்காலத்தில் வைத்தது. நாங்கள் அதில் சாக்கு நூலை விட்டுத் துணி காயப்போடுவோம். ஒவ்வொரு பசைக் கண்ணாடியின் நடுவிலும் ஊசிமுனையால் ஒரு சாம்பல் புள்ளி வைத்தேன்.

மூன்று நாள் ஊறியதில் உடலின் பழைய ஒட்டும் நெகிழ்ந்து, முதுகோரமாகப் பிளந்துகொண்டது. முதலில் திட்டினேன், பிறகு கும்பிட்டேன். உடல் பிளக்காவிட்டால் உள்ளே வேலை செய்திருக்க முடியாது.

உள்ளேதான் டக்கோட்டாவின் பாதிக் கதை இருக்கிறது. சரக்குக் கதவு இடதுபக்கம், வாலை ஒட்டி. அகலம் சுமார் 7 அடி. 1/72-இல் 30 மி.மீ. மாடலில் அது வெறும் கோடாகத்தான் செதுக்கப்பட்டிருந்தது. கத்தியின் முதுகுப்பக்கத்தால் கோட்டின்மேலேயே ஐம்பது அறுபது தடவை இழுத்து, மெல்ல மெல்ல அறுத்து எடுத்தேன். வெட்டின துண்டு தடிமன் அதிகம். உண்மைக் கதவு அந்தத் தடிமனில் இருந்தால் கோட்டைக் கதவுதான். ப்ளாஸ்டிக் தகட்டில் புதிதாக இரண்டு மடல் செய்து, உள்பக்கம் விட்டங்களும் ஒட்டினேன்.

பிறகு தளம். டக்கோட்டா வாலைத் தரையில் ஊன்றி, மூக்கை வானத்துக்கு நீட்டி நிற்கும் ரகம். கதவு பின்னால், பாரம் வைக்க வேண்டிய இடமோ இறக்கைக்கு நேராக, முன்னால். அதாவது ஏற்றுகிற ஒவ்வொரு பொருளையும் உள்ளே கொண்டுபோய் மேட்டில் தள்ளவேண்டும். 200 லிட்டர் பீப்பாய் ஒன்று பெட்ரோலோடு ஏறக்குறைய 160 கிலோ. ஒருவன் கயிற்றால் இழுக்க, இரண்டு பேர் தோள் கொடுக்க, ஒருவன் கட்டையோடு பின்னாலேயே நகர்ந்து வருவான். நின்றால் உடனே முட்டுக் கொடுக்க. கட்டைக்காரன் நான்தான். சுமார் 2,700 கிலோ பாரத்துக்குப் பதினாறு பீப்பாய். பதினாறாவதை ஏற்றி முடிக்கும்போது முதுகு நமதில்லை. 1948-இல் தரைவழி அடைபட்ட பெர்லினுக்கு விமானத்திலேயே நிலக்கரி ஏற்றியபோது அமெரிக்கர்கள் டக்கோட்டாவைச் சீக்கிரமே ஓரங்கட்டி, நான்கு எஞ்சின் சி-54-களைக் கொண்டுவந்ததற்கு இந்தச் சரிவும் ஒரு காரணம். சமதளமான சி-54-இலிருந்து பத்து டன் இறக்கும் நேரம், டக்கோட்டாவின் சரிவில் மூன்றரை டன் இறக்கவே பிடித்தது. அங்கே மூட்டை தூக்கியவர்களை நினைத்தால் என் முதுகு இப்போதும் வலிக்கிறது.

சரக்கு ஏற்றுகிறவன் கண்ணுக்கு மற்ற பழைய ப்ரொப்பெல்லர் விமானங்கள் எல்லாமே பணக்கார வீட்டுப் பிள்ளைகள். சி-119 வகைப் பாக்கெட் விமானம் இரட்டை வாலோடு சமமாக நிற்கும். லாரியைப் பின்னால் விட்டு அப்படியே உள்ளே தள்ளிவிடலாம். பிரிஸ்டல் ஃபிரைட்டர் மூக்கையே இரண்டு கதவாகத் திறந்துகொண்டு காரை விழுங்கும். இங்கிலீஷ் கால்வாயைக் கார்கள் இப்படித்தான் பறந்து கடந்தன. டிசி-4-இன் மண்டையை மேலே தூக்கிவைத்துச் செய்த கார்வேர் என்று ஒன்று, பார்க்கத் தலைவீக்கம் கண்ட மாதிரி இருக்கும், மொத்தமே 21-தான். இவ்வளவு வசதியும் இல்லாத டக்கோட்டாதான் அவை பலவற்றுக்கும் பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

தளத்தை 0.5 மி.மீ. தகட்டில் வெட்டி, பாரம் கட்டும் வளையங்களுக்கு மெல்லிய செம்புக் கம்பியை ஊசியில் சுற்றி எடுத்தேன். 200 லிட்டர் பீப்பாய் இந்த அளவில் 12 மி.மீ. உயரம், 8 மி.மீ. குறுக்களவு. குழாய் ஒன்றைத் துண்டுபோட்டு, நடுவில் இரண்டு வளையம் நூலால் சுற்றினேன். பதினாறும் செய்யவில்லை, ஐந்து பீப்பாய், சில மரப்பெட்டி, சாக்கு மூட்டைகள். கடைசிப் பீப்பாயின் கீழே ஒரு கட்டை. யாரும் கவனிக்கப்போவதில்லை, ஆனால் கட்டை இல்லாமல் அந்தப் பீப்பாய் அங்கே நிற்காது.

இரண்டரை

காணாமல் போன இறக்கைக்கு வந்தேன். புதிதாக இறக்கையைச் செதுக்குவது ஒரு வழி. ஆனால் மாடல் கட்டும் இன்னொரு நண்பரின் உதிரிப் பெட்டியில், வேறொரு தயாரிப்பின் உடைந்த டக்கோட்டா கிடந்தது. அதில் வலது வெளி இறக்கை முழுசாக இருந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார்.

இப்படிச் செய்தது நான் முதல் ஆள் இல்லை. 1941-இல் சீனாவில் ஒரு டிசி-3 தரையில் நின்றபோது ஜப்பானியக் குண்டு விழுந்து ஒரு பக்க இறக்கை போய்விட்டது. மாற்று இறக்கை கையில் இல்லை. இருந்தது அதற்கு முந்தைய வகையான டிசி-2-இன் இறக்கை. 5 அடி குட்டை. அதை இன்னொரு விமானத்தின் வயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுபோய், பொருத்தி, பறந்தும் வந்துவிட்டார்கள். டிசி-2-க்கும் டிசி-3-க்கும் நடுவில் பிறந்த அந்த விமானத்துக்கு 'டிசி-இரண்டரை' என்றே பெயர். இறக்கையின் வெளிப்பகுதி, எஞ்சினுக்கு அப்பால் வரிசையாகப் போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருந்ததால்தான் அது நடந்தது. போல்ட்டுகளைக் கழற்றினால் இறக்கை தனியே வந்துவிடும். அந்தப் போல்ட் வரிசையை மூடியிருக்கும் பட்டைத் தகட்டை மாதந்தோறும் துடைத்து, அடியில் ஈரம் நிற்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலைகளில் ஒன்று.

எனக்கு நீளப் பிரச்சினை இல்லை. இரண்டு பக்கமும் சேர்த்து அளந்தேன், 404 மி.மீ. வந்தது, உண்மை விமானத்தின் 29 மீட்டர் சொச்சத்துக்குச் சரி. தடிமன்தான் உதைத்தது. வந்த மருமகள் வீட்டு மகளைவிட அரை மி.மீ. குண்டு. ஒட்டும் முகத்தை உப்புத்தாளில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து இளைக்கவைத்தேன். பழைய இறக்கையில் தகடுகளின் கோடு மேடாக இருந்தது, புதியதில் பள்ளமாக. மேட்டையெல்லாம் வழித்துவிட்டு, தடிமனான ஒட்டும் நாடாவை அளவுகோலாக வைத்து, ஊசியால் பள்ளம் கீறினேன். இதற்கே இரண்டு ஞாயிறு போனது. அலுப்பு தட்டிய வேலை, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். டக்கோட்டாவின் நடு இறக்கை தட்டையாக இருக்கும். மேல்நோக்கி எழுவது எஞ்சினுக்கு வெளியேதான். முதலில் ஒட்ட ஆரம்பித்த அந்த அண்ணன் இடது இறக்கையைத் தட்டையாகவே ஒட்டியிருந்தார். பிரித்து, வரைபடத்தைப் பார்த்து அட்டையில் ஒரு தாங்கி வெட்டி, இரண்டு பக்கத்தையும் அதில் உட்காரவைத்தே ஒட்டினேன். ஒட்டின இடத்துக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, மறுபடி பட்டி. கடைசியில் அந்தப் பட்டைத் தகட்டுக்காக மெல்லிய அலுமினிய நாடாவைச் சுற்றினேன். இரண்டு தயாரிப்புகளின் சண்டை அதற்கு அடியில் மறைந்துவிட்டது.

பதினாலு சிலிண்டர்

எஞ்சின் பிராட் அண்ட் விட்னி ஆர்-1830. ஏழு ஏழாக இரண்டு வரிசையில் நட்சத்திரம்போல் பதினாலு சிலிண்டர், 30 லிட்டர், 1,200 குதிரை. சிலிண்டருக்கு இரண்டு பிளக். ஒரு எஞ்சினுக்கு 28, ஒரு விமானத்துக்கு 56. கழற்று, மணல் அடி, இடைவெளி பார், வரிசைப்படி தட்டில் அடுக்கு. கீழ்ச் சிலிண்டர்களின் பிளக்குகள் ஆயிலில் குளித்து வரும், அவற்றைத் தனியாக வை. இதுதான் என் முதல் ஆறு மாதப் படிப்பு. பெட்டியில் இருந்த எஞ்சினோ முன்வரிசை ஏழை மட்டும் காட்டியது, அதுவும் அரைக்கால் வட்டப் புடைப்பாக. பின்வரிசையை யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனாலும் முன்வரிசைக்கு 0.1 மி.மீ. செம்புக் கம்பியில் பிளக் ஒயர் இழுத்தேன், சிலிண்டருக்கு ஒன்று. இரண்டு இழுக்கக் கை ஒத்துழைக்கவில்லை. 56-இல் 14. கண்ணுக்கு நான் கொடுத்த சலுகை.

காலையில் முதலாவதாக ஸ்டார்ட் செய்வதற்கு முன் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றவேண்டும். இரவில் ஆயில் வடிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். ஆயில் அமுங்காது, அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நாங்கள் பன்னிரண்டு பிளேடு எண்ணுவோம். பிளேடின் நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து விடுவேன், அடுத்தவன் அடுத்த பிளேடைப் பிடிப்பான். ஒருநாள் ஏழாவது பிளேடில் சுவரில் முட்டியமாதிரி நின்றுவிட்டது. நான் அறிவாளித்தனமாகப் பின்னால் திருப்பப் பார்த்தேன்.

"டேய் தம்பி! விடுறா கைய!" ஃபோர்மேன் அண்ணன் ஏணியில் இருந்து குதித்தே வந்துவிட்டார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"பின்னால திருப்பினா என்ன ஆகும் தெரியுமா?"

"இளகும்ணே."

"இளகும். ஆயிலு போயி இன்டேக் குழாய்ல உக்காந்துக்கும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணும்போது அத்தனையையும் திரும்ப உறிஞ்சும். ராடு வளையறது இன்னிக்குத் தெரியாது. மேல போயித்தான் தெரியும்."

கீழ்ச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றினார். கறுப்பாக ஒரு டம்ளர் ஆயில் என் கையில் வழிந்தது. வெதுவெதுப்பே இல்லாத, காலைக் குளிர் ஏறிய ஆயில். அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட். ஸ்டார்ட்டரின் ஊளை ஏறி, பிளேடுகள் தயங்கித் தயங்கித் திரும்பும். ஒரு சிலிண்டர் இருமும், நீலப் புகை. இன்னொன்று, அப்புறம் மௌனம். திடீரென்று நாலைந்து சேர்ந்து பற்றிக்கொள்ளும். பதினாலும் கூடி ஒரே தாளத்துக்கு வந்து சேருவதற்குள் பின்னால் நிற்கிறவன் வேட்டி, சட்டை எல்லாம் ஆயில் பொட்டு. ஜெட் எஞ்சினில் இதெல்லாம் கிடையாது, ஊதும், போகும்.

காணாமல் போன ப்ரொப்பெல்லரும் அதே உதிரிப் பெட்டியில் கிடைத்தது. பிளேடு முனைகளில் மஞ்சள், மற்றதெல்லாம் கறுப்பு. முன்விளிம்பில் கறுப்பைச் சுரண்டி உலோகத்தைக் காட்டினேன். கல் பட்டு வெட்டு விழுந்தால் அரத்தால் இழைத்து வழுவழுப்பாக்கி விடுவோம். அந்த இடம் மட்டும் பளிச்சென்று இருக்கும்.

வெள்ளி

வர்ணம் பூசாத அலுமினியம் என்பது மாடலில் மிகக் கஷ்டமான வர்ணம். பளபளக்கும் கறுப்பை அடியில் பூசி, அதன்மேல் அலுமினிய லாக்கரை ஏர்பிரஷ்ஷில் பனிபோல விட்டேன். சில தகடுகளை மறைத்து, கொஞ்சம் கருமை கலந்து மறுபடி. எலும்புக்கூடாக உள்ளே சட்டம் இருந்து மேலே துணி போர்த்திய பகுதிகள் டக்கோட்டாவில் உண்டு: விமானத்தைத் திருப்ப வாலிலும் இறக்கையிலும் அசையும் ரட்டர், எலிவேட்டர், எய்லரான். துணிக்கு வெள்ளி வர்ணம்தான் பூசுவார்கள், உலோகம்போல மின்னாது. அவற்றுக்கு மங்கலான சாம்பல் வெள்ளி. இறக்கை முன்விளிம்பில் பனி உடைக்கும் ரப்பர் பட்டை, கறுப்பு.

டீகாலைக் கிழக்கு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி மூன்று வாரம் வெயில் காட்டினேன். காவி இறங்கியது. நம்பி முதல் எழுத்தை நீரில் போட்டேன். நாற்பது துண்டாக மிதந்தது. தாள் முழுக்க முதலில் ஒரு வார்னிஷ் பூச்சு கொடுத்திருக்கவேண்டும். தெரிந்த விஷயம்தான், செய்யவில்லை. மீதிக்கு வார்னிஷ் அடித்து, தேவையான எண்ணை வெட்டி ஒட்டித் தேற்றினேன். ஒரு எண் லேசாகச் சாய்ந்திருக்கிறது. கையால் எழுதிய எண்கள் எங்கள் வண்டிகளிலும் சாய்ந்துதான் இருந்தன.

கறை

இதற்காகத்தான் இத்தனை நாளும்.

ஃபோர்மேன் அண்ணன் கசிவைக் கண்ணால் பார்த்து முடிவு சொல்லமாட்டார். "பாக்காத. தொட்டுப் பாரு, மோந்து பாரு. அப்புறம் சொல்லு." ஆள்காட்டி விரலில் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்து, மூக்கருகே கொண்டுபோவார். எஞ்சின் ஆயில் என்றால் வழவழவென்று, தீய்ந்த வாசனையோடு, பழுப்புக் கறுப்பு. ஹைட்ராலிக் ஆயில் சிவப்பு, நீர்த்தது, விரலில் நிற்காது. பெட்ரோல் தொட்டவுடன் பறந்துவிடும், விரலைக் குளிரவைக்கும். 100/130 ரகத்துக்குப் பச்சைச் சாயம் என்பதால் காய்ந்த இடத்தில் பச்சை ஓரம் தங்கும். ஆயில் சொட்டாத நாள் மட்டும் அவர் முகம் மாறும். "கீழ சொட்டல்லேன்னா உள்ள இல்லேன்னு அர்த்தம். டாங்கைப் பாரு மொதல்ல."

ஆகவே மூன்று கறை, மூன்று இடம். பழுப்பு, எஞ்சின் கூட்டைச் சுற்றி. ஓவியர்கள் பயன்படுத்தும் எண்ணெய் வர்ணத்தை நீர்க்கக் கரைத்தது. சிவப்பு, சக்கரக் காலின் வழியாக. ஒளி ஊடுருவும் சிவப்பில் ஒரு சொட்டு. பச்சை, நடு இறக்கையின் மேலே பெட்ரோல் டாங்க் மூடியைச் சுற்றி. பச்சை மையை ஆல்கஹாலில் கரைத்து, மயிரிழைத் தூரிகையால் ஒரு வளையம். எக்ஸாஸ்ட் புகைக் கறையைக் கறுப்பாக அடிப்பது மாடல்காரர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. குழாய் வாய்க்குப் பக்கத்தில்தான் கறுப்பு. கறையின் நீண்டு போகும் வாலில் பெட்ரோலில் இருக்கும் ஈயம் படிந்து, வெளுத்த சாம்பல் நிறமாக இருக்கும். சாக்பீஸ் தூளைச் சாம்பலும் பழுப்பும் கலந்து, பஞ்சால் ஒற்றினேன்.

கதவு வாசலில் உலோகம் தேய்ந்து மின்னவேண்டும். பென்சில் கரியை விரலால் தேய்த்தால் போதும். இறக்கையின் வேரில், எஞ்சினுக்குப் போகிறவன் கால் வைக்கும் இடத்தில், மண் தடம். சக்கரத்துக்குப் பின்னால், இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் ஃபிளாப்பின் அடியில் சேறு தெறிப்பு.

எல்லாம் முடித்து, அட்டைத் தாங்கியில் இருந்து எடுத்துச் சக்கரத்தில் நிறுத்திவைத்தேன். ஏதோ சரியில்லை. இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாம் நாள் காலை காப்பித் தம்ளரோடு நின்றபோது புலப்பட்டது. எஞ்சின் கூட்டின் பக்கவாட்டில் நான் இழுத்த ஆயில் ஒழுக்கு மூக்குப் பக்கமாக ஓடியது! தாங்கியில் விமானத்தை மட்டமாக வைத்து, கோடுகளுக்கு நேர் செங்குத்தாக ஒழுக்கு வரைந்திருக்கிறேன். டக்கோட்டா தரையில் மட்டமாக எங்கே நிற்கிறது? மூக்கு தூக்கி நிற்கும்போது அந்த ஒழுக்கெல்லாம் முன்னோக்கிச் சாய்ந்துவிட்டது. நிற்கும்போது வடிகிற ஆயில் தகட்டுக் கோட்டுக்குச் செங்குத்தாக வராது, வால் பக்கம் சாய்ந்துதான் வரும். பறக்கும்போது காற்று இழுத்த கீற்று வேறு, நின்றபோது வடிந்த ஒழுக்கு வேறு; இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்ன முழங்கை வளைவு தெரியும். நான்கு வருடம் அதை நாள்தோறும் துடைத்தவன் நான். கை மறக்கவில்லை, கண் மறந்துவிட்டது.

அழித்தேன். அவசரத்தில் தின்னர் கொஞ்சம் கடுமையாகிப்போய் இடது கூட்டில் அலுமினியமும் சேர்ந்து வந்துவிட்டது. மறுபடி கறுப்பு, மறுபடி வெள்ளி, ஒரு வாரம். இம்முறை விமானத்தைச் சக்கரத்தில் நிறுத்தி, ஒரு நூலில் நட்டைக் கட்டித் தூக்குக்குண்டாகத் தொங்கவிட்டு, அந்த நூலுக்கு இணையாக ஒழுக்கு இழுத்தேன். சரியாக வந்தது. ஒழுக்கு முடிகிற இடம் நேரே டயருக்கு மேலே. ஆயில் பட்டால் ரப்பர் ஊறிப்போகும் என்று டயருக்குக் கித்தான் உறை போடுவோம். மெல்லிய காகிதத்தைப் பசையில் நனைத்து இரண்டு உறை செய்தேன். எஞ்சினுக்கு நேர் கீழே ஒரு தகரத் தட்டு, 9 மி.மீ. சதுரம். அதில் பழுப்பு வார்னிஷ் இரண்டு சொட்டு.

நண்பரும் அவருடைய அண்ணனும் ஒரு மாலை பார்க்க வந்தார்கள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார். "வலது ரெக்கை எங்கே கிடைச்சுது?" என்றார். சொன்னேன். "இவன்தான்," என்று தம்பியைக் காட்டினார். "மொட்டை மாடியில இருந்து விட்டுப் பாக்கறேன்னு எடுத்துட்டுப் போனான். அழுதுட்டு பொட்டியை மூடி வெச்சேன்." நண்பர் கூரையைப் பார்த்தார்.

அண்ணன் குனிந்தபடியே ஆள்காட்டி விரலை நீட்டி, தட்டில் இருந்த சொட்டைத் தொட்டார். கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"காஞ்சுதான் இருக்கு," என்றேன்.

நிமிரும்போது அவர் சட்டைக் கை பட்டு முதுகில் இருந்த ஏரியல் கம்பி அறுந்தது. ரொம்ப வருத்தப்பட்டார். பரவாயில்லை, நைலான் இழை இன்னும் ஒரு சாண் மிச்சம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடலாம்.